இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்

அந்தச் சனிக்கிழமை காலை நான் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஸ்டெல்லாக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பவானிக்குப் போவதாக ஏற்பாடு. கூடுதுறைக்கு மேலே ஆற்றில் நீர்நாய்களைப் பார்த்ததாக, ஜமக்காளம் விற்க வந்தவர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். ஒரு வண்டி போயிற்று. அடுத்ததும் போயிற்று. வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கித் தின்று முடித்தேன். அவர் நேரம் தவறி வருவது புதிதல்ல. ஆனால் முந்தின நாள் மாலை தொலைபேசியில், "நான் விடியறதுக்குள்ள வந்து நிப்பேன், நீங்கதான் தூங்கிப்போடுவீங்க அம்மணி" என்று என்னைக் கேலி செய்தவரும் அவர்தான். வெயில் ஏறியது. எனக்குக் கோபம் வந்தது. இந்த வெயிலில் இனி நீர்நாய் எங்கே வரும், வந்தாலும் அவர் எங்கே எடுப்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே விடுதிக்குத் திரும்பினேன்.

விடுதி அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொன்னார்கள். நம் புகைப்பட வட்டத்தின் செயலாளர் ரங்கராஜ் சார்.

"அம்மணி, ஸ்டெல்லா எறந்துட்டாங்க. காலைல. சமையக்கட்டுல."

"இல்லீங்க சார், அவங்க பஸ் ஸ்டாண்டுக்கு வரணும்" என்றேன்.

நான் இன்னொரு தடவை அதையே சொன்னேன். பிறகும் சொன்னேன் என்று அவர் பின்னால் என்னிடம் கூறினார். எனக்கு அது நினைவில்லை.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, எனக்காகவும் சேர்த்து இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாராம். கேமராப் பை வாசற்கதவின் அருகில் தயாராக இருந்தது. நான் போத்தனூர் போய்ச் சேர்ந்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். யாருக்கும் அதை எடுத்து ஓரமாக வைக்கத் தோன்றவில்லை.

அன்று நான் பார்த்த ஒன்றை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். நம் ஊர் வழக்கப்படி, சவப்பெட்டியைச் சுற்றி உறவினர்களை நிறுத்திப் படம் எடுக்க ஸ்டுடியோவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அறையில் வெளிச்சம் போதவில்லை என்று ஃபிளாஷை முகத்துக்கு நேரே திருப்பி அடித்தார். நாங்கள் அத்தனை பேரும் கண்ணைச் சிமிட்டினோம். ஸ்டெல்லாக்கா சிமிட்டவில்லை. அந்த நொடியில்தான் அவர் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அதுவரை கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான்.

இந்த மடல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் போகிறது. ஆகவே அவர்களுக்காகச் சில வரிகள். ஸ்டெல்லாக்கா போத்தனூரில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் கிளார்க். தம் தாயார் எஸ்தர் அம்மாவுடன் வசித்தார். நாற்பதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. விலங்குகளைத் திறந்தவெளியில் படம் எடுப்பதுதான் நம் வட்டத்தின் வேலை என்றாலும், காடு, யானை, புலி என்று அலைபவர்கள் நடுவில் கழுதை, எருமை, கீரி, ரயில் பாதையோரத்து ஆடு என்று எடுத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவரே. எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. மாதக் கூட்டத்தில் காட்டப்படும் படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதுவதும், இந்த மடலைத் தொகுப்பதும் என் பொறுப்பு. புத்தகங்களோடு தனியாக இருந்து பழகிய எனக்கு அந்தக் கூட்டங்களில் பேச்சுத் துணையாக அமைந்தவர் அவர்தான்.

என் முதல் கூட்டத்தில் ரங்கராஜ் சார் ஒரு மயில் படத்தை வைத்திருந்தார். அவர் மில் முதலாளி. நல்ல கேமராவும் தாராள மனமும் உள்ளவர். மயிலுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மயிலின் நிழல் நம்மை நோக்கி நீண்டிருந்தது. ஆனால் அதன் நெஞ்சு மட்டும் பித்தளைப் பாத்திரம் போல மின்னியது. நான் 'அந்தியில் ஒரு மயில்' என்று எழுதி வைத்திருந்தேன். எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு பின் வரிசையிலிருந்து ஸ்டெல்லாக்கா கேட்டார்.

"சார், இதுல வெளிச்சம் எங்கிருந்துங்க வருது?"

"ஏனுங்க ஸ்டெல்லா, பின்னாடி சூரியன் நிக்கறது தெரியலீங்களா?"

"அது தெரியுதுங்க. நெஞ்சுல அடிக்கறது?"

ரங்கராஜ் சார் சிரித்துவிட்டார். "அது நான் குடுத்ததுங்க. லேப்ல சொல்லிக் கொஞ்சம் தூக்கினேன்."

"அப்ப மயிலுக்கு ரெண்டு சூரியனுங்க. எங்க ஊட்டுக்கும் ஒண்ணு குடுத்தீங்கன்னா மழைல துணி காயுமுங்க."

அரங்கமே சிரித்தது. மறு மாதம் ரங்கராஜ் சார் திருப்பிக் கொடுத்தார். ஸ்டெல்லாக்காவின் எருமைப் படம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதப் பாக்கறதுக்கு ஒரு டார்ச்சும் சேத்துக் குடுத்துருங்க" என்றார். "உங்க படத்தப் பாக்கறதுக்குக் கூலிங் கிளாஸ் நாங்களே வாங்கிக்கறோமுங்க" என்றார் இவர். பல வருடங்களாக இந்தச் சண்டை நடந்தது. யார் மனமும் புண்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பிறகு, எந்தப் படத்துக்கும் இரண்டு வரி எழுதும் முன் அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். பல படங்களில் விடை கிடைக்கும். சில படங்களில் தேடித் தேடிப் பார்த்தாலும் வெளிச்சம் எங்கிருந்தும் வரவில்லை என்றுதான் தெரியும். அத்தகைய படங்களுக்கு என்னால் எதுவும் எழுத முடிந்ததில்லை.

அவர் முரண்டு பிடிப்பவர் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அது உண்மைதான். பிறர் படத்தை எளிதில் பாராட்டமாட்டார். ஆனால் படத்தைத் தொடவே கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பிரின்ட்டில் விழுந்த தூசிப் புள்ளியை மெல்லிய தூரிகையால் அவரே மறைப்பார். கறுப்பு வெள்ளைப் படங்களைக் குளியலறையில் சிவப்பு பல்பு போட்டுத் தாமே கழுவுவார். வானம் வெளிறிப்போயிருந்தால் மேகம் தெரியும் அளவுக்கு அழுத்தம் கொடுப்பார். "கண்ணு பாத்த அளவுக்குக் கொண்டு வரலாமுங்க. பாக்காததக் கொண்டு வரக் கூடாது. அவ்வளவுதான் நம்ம கணக்கு" என்பார்.

வண்ணப் படங்கள்தான் அவருக்குத் தலைவலி. நகரத்தில் அவர் ஃபிலிம் கொடுக்கும் லேபில் இயந்திரம் இருண்ட படங்களைத் தானாகவே வெளுப்பாக்கிவிடும். அதனால் உறையின் மேல் பெரிய எழுத்தில் 'இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்' என்று எழுதித் தருவார். லேபில் அவருக்கு 'இருட்டு அக்கா' என்றே பெயர். ஒருமுறை நானும் உடனிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இருட்டு அக்கா வந்துருக்கறாங்க, லைட்டெல்லாம் அமத்திப்போடுங்கப்பா!" ஸ்டெல்லாக்கா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரிடம் ஃபிளாஷ் இல்லை என்று பலரும் நினைத்திருந்தோம். இருந்தது. சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால். அதற்காக வாங்கிய பேட்டரிகள் எஸ்தர் அம்மாவின் ரேடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அது ஏன் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காங்கேயத்திலிருந்து திரும்பும் பேருந்தில் ஒருநாள் சொன்னார்.

படம் எடுக்கத் தொடங்கிய புதிதில், காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருந்த ஒரு கவுண்டரின் காளையை அவர் எடுத்துக் கொடுத்தார். வெளியூரில் வாங்குவதற்கு ஆள் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்களாம். காளை புளியமரத்து நிழலில் நின்றது. நிழல் முகத்தை மறைக்கிறதே என்று ஃபிளாஷை நேராக அடித்து எடுத்தார். படம் பளிச்சென்று வந்தது. கவுண்டருக்கு மகிழ்ச்சி. வாங்க வந்தவர் சந்தையில் வைத்துக் காளையைச் சுற்றி வந்தார். திமிலுக்குப் பின்னால் முதுகில் ஒரு சுழி இருந்தது. மாட்டின் மயிர் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழன்று கிடக்குமே, அந்தச் சுழி. அந்த இடத்தில் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் உண்டு. வந்தவர் படத்தை எடுத்துப் பார்த்தார். படத்தில் சுழி இல்லை. நேராகப் பாய்ந்த வெளிச்சம் மயிரின் மேடு பள்ளத்தையெல்லாம் நிரவிவிட்டிருந்தது. "சுழிய அழிச்சுப்போட்டுப் படம் அனுப்பியிருக்கறீங்களே" என்று சந்தை கூடி நிற்கக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

"அந்தக் கவுண்டர் எங்க ஊட்டுக்கு வந்தாருங்க" என்றார் ஸ்டெல்லாக்கா. "சத்தம் போடுவாருன்னு நெனச்சேன். போடல. படத்த மேசை மேல வெச்சாரு. 'ஏனுங்க அம்மணி, என்ற மாட்டுல இருக்கற சுழி இதுல எங்கீங்க போச்சு? எங்கப்பன் காலத்துல இருந்து மாடு விக்கறோம். மறச்சு வித்தவன்னு ஒருத்தன் சொன்னதில்லீங்க. இன்னைக்குச் சொல்லிப்போட்டானுங்க'ன்னாரு. நான் எதையும் மறைக்கலையே அம்மணி, வெளிச்சம்தான போட்டேன்?"

அவர் மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனார். காலையில் வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் காளையை மறுபடி எடுத்தார். அந்தப் படத்தில் சுழி, நீரில் கல் விழுந்தது போலத் தெரிந்தது. அதைப் பார்த்து வேறொருவர் வந்து காளையை வாங்கிப் போனார். "சுழியத் தெரிஞ்சே வாங்குனாருங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

இதை எழுதும்போது, சுழி திமிலுக்குப் பின்னாலா, பக்கத்திலா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவரிடமே கேட்டுவிடலாம் என்று எழுந்து, மாடிப்படி இறங்கி, விடுதித் தொலைபேசியின் அருகில் வரைக்கும் போய்விட்டேன். எண்ணைச் சுழற்றத் தொடங்கிய பிறகுதான் கை நின்றது. வார்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

வால்பாறைப் பயணம் பலருக்கு நினைவிருக்கும். மழைக்காலம் தொடங்கியிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போதே நம்மில் பாதிப் பேர் வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தோம். எஸ்டேட் லயன் வீடுகளைத் தாண்டி, சாலையோரத்துப் பலா மரத்தில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்து சுளைகளைத் தின்றுகொண்டிருந்தன. தூறல். மரத்தடியில் பகலிலேயே அந்தி போல இருந்தது. ஒரு தாய்க் குரங்கு குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தாழ்ந்த கிளையில் இருந்தது. அதன் முகம் கறுப்பு, சுற்றிலும் வெள்ளிப் பிடரி. கேமராக்காரர்களுக்கு அதைவிடச் சோதனை இருக்க முடியாது. ரங்கராஜ் சார் தம் பெரிய ஃபிளாஷை மாட்டி அடித்தார். குரங்கு குட்டியின் தலையைக் கையால் மூடியது. நமக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் காட்டுக்குள் போய்விட்டன. பாதி தின்ற பலாப்பழம் கிளையில் தொங்கியது.

டீக்கடைக்கு வந்தோம். டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் ஸ்டெல்லாக்கா சொன்னார்.

"சார், அதுங்க சாப்டுட்டு இருந்துச்சுங்க."

"நானும் பாத்தேனுங்க. அடிச்சது அரை செகண்டு கூட இல்லீங்களே ஸ்டெல்லா."

"நமக்கு அரை செகண்டுங்க. அதுங்களுக்கு மீதி மத்தியானம்."

ரங்கராஜ் சார் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். ஆனால் அடுத்த நாள் குரங்குகள் மறுபடியும் அதே மரத்துக்கு வந்தபோது அவர் ஃபிளாஷைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த இரண்டாம் நாள் ஸ்டெல்லாக்கா எடுத்த படம்தான் நம் வட்டத்தின் போட்டியில் தள்ளுபடியானது. வெளியூரிலிருந்து வந்த நடுவர், "முகம் தெரியவில்லை" என்றார். "எனக்கும் தெரியலைங்க. தெரிஞ்சதத்தான எடுக்க முடியும்?" என்று இவர் சிரித்தார். நான் அந்தப் படத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் என் அறைக்கு எடுத்துப் போனேன். ஈர இலைகள், நனைந்த பஞ்சு போல ஒரு பிடரி, நடுவில் கறுப்பு. வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். இருண்ட அறைக்குள் நுழைந்தவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் பொருள்கள் புலப்படுமே, அதுபோல அந்தக் கறுப்புக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. அவை என்னை வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. மறுநாள் அவரிடம் சொன்னேன். "தெரிஞ்சுதுங்களா? மரத்தடியிலயும் எனக்கு அத்தன நேரம் ஆச்சுங்க" என்றார். அவர் என்னைப் பாராட்டியது போல எனக்குப் பட்டது. அவர் பாராட்டு அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

இனிச் சொல்லப்போவது நம் வட்டத்தில் யாருக்கும் தெரியாதது. ரங்கராஜ் சாரின் அனுமதியோடு எழுதுகிறேன்.

போத்தனூர் வீட்டின் பின்புறம், பொடக்காலியில், கிணற்றடிக்கு ஒரு கீரி காலை நேரத்தில் வரும். சில மாதங்களாக அவர் அதற்காகவே காத்திருந்தார். கருவாட்டுத் துண்டு போட்டால் உடனே வரும் என்று எஸ்தர் அம்மா சொல்லிப் பார்த்தார். "அப்ப அது கருவாட்டுக்கு வந்த கீரிம்மா. எனக்குத் தானா வர்ற கீரி வேணும்" என்று மறுத்துவிட்டார். ஒரு ஞாயிறு நான் போயிருந்தபோது கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, பின்கதவில் சாய்ந்து கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கத்திலிருந்து காலை வெயில் அவர் முகத்தில் பாதி விழுந்தது. மற்றப் பாதி வீட்டின் இருட்டில் இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கேமராவைத் தூக்கி ஒருமுறை அழுத்திவிட்டேன்.

"ஐயோ அம்மணி, கீரிக்கு வெச்சிருந்த கடைசி ஃபிலிமுங்க அது!"

சத்தத்தில் கீரி வரவே இல்லை. ஆனால் அடுத்த மாதம் தபால் அட்டை அளவில் ஒரு பிரின்ட்டை என் கையில் வைத்தார். எதையும் மாற்றவில்லை. பாதி முகம் இருட்டாகவே இருந்தது. மேலுதட்டு மச்சம், மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயில், கலைந்த தலைமுடி, எல்லாம் அப்படியே. "கீரி மொறைக்கற மாதிரி இருக்கறேன்" என்றார். அதை நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அதற்கு ஒரு பெரிய படம் வேண்டும். ரங்கராஜ் சார் தாமே ஏற்றுக்கொண்டார். நகரத்தில் கம்ப்யூட்டர் வைத்துப் படம் செய்யும் புது ஸ்டுடியோவில், அலுவலக அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கிச் செய்து, தங்க நிறச் சட்டம் போட்டுத் தம் காரிலேயே கொண்டுவந்தார். அவரால் முடிந்த மிக நல்ல காரியத்தைச் செய்திருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது.

துணியை விலக்கினார்கள். நீல வானம். மூலைகளில் ரோஜாக்கள். நடுவில் ஒரு பெண். நிறம் வெளுத்திருந்தது. மச்சம் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை வரைந்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே நிழல் என்பதே இல்லை. இறந்தவரை இன்னொரு முறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் போல இருந்தது. இதுதான் இனிச் சுவரில் இருக்கும். வருகிறவர்கள் இதைத்தான் ஸ்டெல்லா என்பார்கள். சில வருடங்களில் நாமும் நம்பிவிடுவோம். என் பைக்குள் புத்தகம் இருந்தது, புத்தகத்துக்குள் அந்தப் பிரின்ட் இருந்தது. ஆனால் துக்க வீட்டில், அத்தனை பேர் நடுவில், அன்போடு கொண்டுவந்த ஒருவர் முன்னால் அதை எப்படி வெளியே எடுப்பது? பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தன லட்சணமா இருக்குது பாருங்க" என்றார் உறவுக்காரப் பெண்மணி ஒருவர்.

எஸ்தர் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து படத்தின் அருகில் வந்தார். இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, மிகவும் மரியாதையாக, ஒன்றும் தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்.

"சார், இதுல வெளிச்சம் எங்கிருந்துங்க வருது?"

ரங்கராஜ் சாரின் வாய் திறந்தபடி இருந்தது.

"சாப்பிட உக்காந்தா போதுமுங்க, முன்னால ஒரு படத்த வெச்சுட்டு இதையேதான் கேப்பா. எனக்கென்ன தெரியும்? சன்னலும்பேன், சூரியனும்பேன். சரியாச் சொன்னா ஒரு துண்டு மீன் சேத்து வெப்பா. இதுல எனக்குச் சொல்லத் தெரியலீங்க சார்."

ரங்கராஜ் சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. அப்போதுதான் நான் பையைத் திறந்தேன்.

எஸ்தர் அம்மா பிரின்ட்டை வாங்கிக்கொண்டு சன்னலருகே போனார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடியும் பக்கத்தில் கொண்டுவந்தார். அவர் கண்கள் அந்த இருட்டுக்குப் பழகும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

"இது நம்ம பொடக்காலிக் கதவு" என்றார் மெதுவாக. "காலை வெயிலு, இந்தப் பக்கமிருந்து. கீரிக்கு நிக்கறா கண்ணு."

அதன் பிறகு நடந்ததைச் செய்தவர் ரங்கராஜ் சார்தான். யாரையும் தொடவிடவில்லை. சமையலறையிலிருந்து கத்தி ஒன்றை வாங்கிவந்து, தரையில் உட்கார்ந்து, சட்டத்தின் பின்னால் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். தாம் செய்து கொண்டுவந்த படத்தை வெளியே எடுத்துத் திருப்பினார். அதன் பின்புறம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையின் நடுவில் தபால் அட்டை அளவுப் பிரின்ட்டை ஒட்டிக் கண்ணாடியைப் பொருத்தினார். பெரிய தங்கச் சட்டத்துக்குள் கையகலப் படம். பார்க்க விசித்திரமாகத்தான் இருந்தது. எங்கே மாட்டுவது என்று கேட்டார். முன்னறையில் ஆணி அடித்துத் தயாராக இருந்தது. எஸ்தர் அம்மா அங்கே வேண்டாம் என்றார். பின்கதவுக்கு எதிரே, காலை வெயில் இடது பக்கமிருந்து விழும் சுவரைக் காட்டினார். அங்கேதான் இப்போது இருக்கிறது. நீங்கள் போனால் காலையில் போய்ப் பாருங்கள்.

என்னிடம் இப்போது அந்தப் பிரின்ட் இல்லை. கேமராவும் ஃபிலிம்களும் எஸ்தர் அம்மாவிடம் இருக்கின்றன. ஃபிளாஷ் இன்னும் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை இந்தக் கட்டுரைக்கும் கேட்டுப் பார்த்தேன். முதலில் எழுதியபோது, பேருந்து நிலையத்தில் நின்ற எனக்கு அந்தக் காலையில் காரணமில்லாமல் மனம் கனத்தது என்றும், ஏதோ நடந்துவிட்டது என்று உள்ளே பட்டது என்றும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. படித்துப் பார்த்தபோது அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

எனக்கு எதுவும் படவில்லை. அவர் சமையலறைத் தரையில் கிடந்த நேரத்தில் நான் வெயிலில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அவர்மேல் கோபமாக இருந்தேன். அது அப்படியே இருக்கட்டும்.